அந்த மஞ்சப் பூ நம்ம கிலுகிலுப்பை இல்லீங்க, வெதை வாங்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கெழம இணைப்புல, இங்கிலாந்து பக்கம் புல்லு வேர உறிஞ்சற "மஞ்சள் கிலுகிலுப்பை"ங்கற மஞ்சப் பூ பத்தி ஒரு பக்கத்துக்கு போட்டிருந்தீங்கல்ல, அது சம்பந்தமா தான் எழுதறேன். நான் பொறந்து வளந்தது பல்லடம் பக்கம், இப்போ பதினாலு வருசமா இங்கிலாந்துல லெஸ்டர் பக்கம் இருக்கேன், உங்க பேப்பர தெனமும் போன்ல படிச்சிருவேன். ஆனா அன்னிக்கு நான் படிக்கறதுக்கு முன்னாடியே இங்க காலைல ஆறு மணிக்கு உடுமலைல இருந்து மச்சினன் போன். "மச்சான், பேப்பர்ல மஞ்சள் கிலுகிலுப்பைன்னு போட்டு ஒட்டுண்ணிங்கறாங்க, போட்டோவ பாத்தா நம்ம சணப்பை மாதிரியே இருக்குது, அதைய எதுக்குங்க ஒட்டுண்ணிங்கறாங்க"ன்னு கேட்டான். தூக்கக் கலக்கத்துல எனக்கு ஒண்ணும் புரியல, அப்புறம் எந்திரிச்சு காப்பி போட்டுட்டு கட்டுரைய படிச்சா தான் விசயம் தெரிஞ்சுது.

மொதல்ல பேரு. இங்க்லீஷ்ல யெல்லோ ராட்டில்னு இருக்கறத அப்படியே மஞ்சள் கிலுகிலுப்பைன்னு மாத்திட்டீங்க, தப்பு சொல்ல முடியாது, வார்த்தைக்கு வார்த்தை சரிதான். ஆனா கிலுகிலுப்பைங்கற பேர்ல நம்மூர்ல ஏற்கனவே ஒரு செடி கூட்டமே இருக்கு, குரோட்டலேரியான்னு சொல்லுவாங்க, சணப்பை அதுல ஒண்ணு, அதுக்கும் மஞ்சப் பூ தான், காய் காஞ்சா அதுவும் கலகலன்னு சத்தம் போடும். சணப்பை என்ன பண்ணும்னு உங்க வாசகருங்கள்ல பாதிப் பேருக்கு தெரியும், வேர்ல முடிச்சு வெச்சு காத்துல இருக்கற நைட்ரஜன மண்ணுக்கு குடுக்கும், பூ எடுக்கற நேரத்துல மடக்கி உழுதா காட்டுக்கு உரம். நீங்க எழுதுன செடி அதுக்கு நேர் எதிர். அது எடுக்கற செடி, குடுக்கற செடி இல்ல. ஒரே பேர ரெண்டுக்கும் வெச்சா நாளைக்கு யாராவது இது வெதைய அது வெதைன்னு நெனச்சு வாங்கிருவாங்க, மச்சினன் கிட்டத்தட்ட அதையே தான் பண்ணிட்டான், அதுக்கு கடைசில வரேன்.

அந்த செடியோட பேரு ரைனாந்தஸ் மைனர். ரைனாந்தஸ்னா மூக்குப்பூன்னு அர்த்தமாம், பூவ பக்கத்துல வெச்சு பாத்தா மஞ்சளா ஒரு கொக்கி மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கற மாதிரி தான் இருக்கும், மூக்கு நுனில கத்திரிப்பூ கலர்ல சின்னதா ரெண்டு பல்லு. முழங்கால் ஒசரம் வந்தா பெருசு. எலை எதிரெதிரா, ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி. மே மாசம் பூக்க ஆரம்பிச்சு ஜூலைல காஞ்சுரும், காஞ்சப்புறம் பூவுக்கு அடில இருக்கற அந்த பை மாதிரி கூடு ஊதி காகிதமாட்டம் ஆயிரும், உள்ள தட்டையா வட்டமா ஓரத்துல மெல்லிசு ரெக்கையோட வெதைங்க. காத்து அடிச்சா மொத்த வயலும் சிலுசிலுன்னு சத்தம் போடும், கொழந்தை கொலுசு போட்டுட்டு தூரத்துல ஓடற மாதிரி. இங்க பழைய விவசாயிங்க அந்த சத்தத்த கேட்டு தான் வைக்கோலாட்டம் காய வெச்சு மாட்டுக்கு போடற புல்ல அறுக்கற நேரம் வந்துருச்சுன்னு தெரிஞ்சுக்குவாங்களாம்.

நீங்க "புல்லைத் தின்னு உயிர் வாழும்"னு எழுதிருந்தீங்க, அது பாதி தான் உண்மை. அதுக்கு பச்சை எலை இருக்கு, வெயில்ல தன் சோத்த தானே ஆக்கிக்கும். தண்ணியும் உப்புச்சத்தும் தான் முக்கியமா பக்கத்து புல்லோட வேர்ல இருந்து உறிஞ்சும், போறப்ப கொஞ்சம் சர்க்கரையும் சேத்து எடுக்கும். அதனால தான் இத பாதி ஒட்டுண்ணின்னு சொல்றது. வேர் போய் புல்லு வேர்ல தொடற எடத்துல குண்டூசி தலை அளவுக்கு சின்னதா ஒரு முண்டு வரும், அது வழியா தான் உறிஞ்சல் எல்லாம். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா மத்த செடிங்க ராத்திரி ஆனா எலைல இருக்கற துளைய எல்லாம் மூடி வெச்சு தண்ணிய மிச்சம் பிடிக்கும், இது ராத்திரியும் தொறந்தே வெச்சிருக்கும், தன் எலைல இருந்து தண்ணி போயிட்டே இருந்தா தான் அடுத்தவன் வேர்ல இருந்து வந்துட்டே இருக்கும். அடுத்தவன் வீட்டு மோட்டார்ல இருந்து தண்ணி எடுக்கறவன் குழாய மூடுவானா?

இன்னொண்ணு, எல்லா செடி கிட்டயும் இதோட பருப்பு வேகாது. ஏறக்குறைய 50 வகை செடில ஒட்டும்ங்கறாங்க, புல்லும் பயறு குடும்பத்து செடிங்களும் தான் நல்லா மாட்டும். ஆனா மலச்சிக்கலுக்கு சாப்பிடற நம்ம இசப்கோலுக்கு பங்காளி செடி ஒண்ணு இங்க புல்வெளில நெறைய இருக்கு, இது வேர் வந்து தொட்டா தொட்ட எடத்துல தன் செல்ல தானே சாகடிச்சு வழிய அடைச்சிரும். வெள்ளையா பெரிய சாமந்தி மாதிரி ஒரு பூ இருக்கு, ஆக்ஸ்ஐ டெய்சின்னு பேரு, அது மரக்கட்டைய கெட்டியாக்கற லிக்னின்ங்கற சத்த வெச்சு சுவர் கட்டிரும். ஆக இது புல்ல அடக்கும், பூச்செடில பலத விட்டுரும். இங்க இத வேணும்னே வெதைக்கறதுக்கு காரணமே இது தான்.

இந்த எடத்துல எங்க ஊரு கதை ஒண்ணு சொல்லோணும். உங்க கட்டுரைல ஒரு வரி கூட சோளத்து வேர உறிஞ்சற சுடுமல்லி பத்தி இல்லீங்க, எனக்கு அது தான் பெரிய கொறை. மானாவாரில சோளம் போட்ட எந்த குடும்பத்த கேட்டாலும் சொல்லுவாங்க. நான் ஏழாவதோ எட்டாவதோ படிக்கறப்ப எங்க மேக்கால காட்டுல சோளம் மொழங்கால் ஒசரம் வந்துட்டு அப்படியே நின்னு போச்சு, மழை பேஞ்ச மறுநாள் கூட தண்ணி இல்லாத மாதிரி எலை சுருண்டு கெடக்கும். அப்பா மண்ண பாத்தாரு, பூச்சிய பாத்தாரு, ஒண்ணும் புடிபடல. பத்து பதினஞ்சு நாள் கழிச்சு சோளத்து அடில சின்னச்சின்னதா வெள்ளை பூவோட செடி கெளம்புச்சு, பாக்க அவ்வளவு அழகு, நான் பறிச்சு தங்கச்சி தலைல வெச்சு விட்டேன். அது தான் சுடுமல்லி. அது வெளிய தலை காட்டறப்ப உள்ளார வேலை எல்லாம் முடிஞ்சிருக்கும். அந்த வருசம் கதிரே இல்ல, மாட்டுக்கு தட்டு கூட ஒழுங்கா வரல.

சுடுமல்லியும் இந்த மஞ்சப் பூவும் ஒரே குடும்பம்ங்க, ஒரோபாங்கேசின்னு பேரு, புகையிலைக்கு எமனா வர்ற அந்த புகையிலைக் காளான் செடியும் அதே கூட்டம் தான், அதுக்கு பச்சையே கெடையாது, முழு ஒட்டுண்ணி. ஆனா பங்காளின்னாலும் கொணம் வேற. சுடுமல்லி வெதை தூசி மாதிரி, ஒரு செடில ஆயிரக்கணக்குல பத்தாயிரக்கணக்குல வரும், மண்ணுக்குள்ள பத்து வருசத்துக்கு மேல கூட உசுரோட படுத்து கெடக்கும், சோளத்து வேர்ல இருந்து ஒரு ரசாயன வாசம் வந்தா தான் எந்திரிக்கும். அந்த வாசப் பொருள மொதமொதல்ல பிரிச்சு எடுத்தது 1966ல, அதுவும் பருத்தி வேர்ல இருந்து. பருத்தில சுடுமல்லி ஒட்டாது, ஆனா பருத்தி வேர் வாசத்துக்கு ஏமாந்து மொளைச்சு, ஒட்ட எடமில்லாம செத்துப் போகும். அப்பாவுக்கு இந்த கெமிஸ்ட்ரி எல்லாம் தெரியாது, ஆனா "ரெண்டு வருசம் பருத்தி போட்டுட்டு சோளத்துக்கு வா"ன்னு அப்பிச்சி சொன்னத செஞ்சாரு, கொறைஞ்சுது. எரு கம்மியான காட்டுல தான் சுடுமல்லி ஆட்டம் போடும், அதனால ஆட்டுக்கிடையும் போட்டாரு. எத்தியோப்பியால பொறந்த கெபிசா எஜெட்டாங்கற விஞ்ஞானி சுடுமல்லிய தாங்கற சோள ரகம் கண்டுபுடிச்சதுக்கு 2009ல உலக உணவுப் பரிசு வாங்குனாரு, ஆப்பிரிக்கால இது அவ்வளவு பெரிய பிரச்சனை.

மஞ்சப் பூவோட வெதை இதுக்கு நேர்மாறு. பெரிய வெதை, கொஞ்சம் தான் வரும், ஒரு வருசம் தாண்டுனா பெரும்பாலும் செத்துரும், மண்ணுல பேங்க் பேலன்ஸ் கெடையாது. மொளைக்க எந்த வாசமும் வேண்டாம், குளிர் தான் வேணும், ரெண்டு மூணு மாசம் நல்ல குளிர்ல ஈரத்துல கெடந்தா தான் பிப்ரவரி மார்ச்சுல தலை தூக்கும்.

அப்பா ஒரு தடவ இங்க வந்திருந்தப்ப ஜூன் மாசம். எங்க ஊர்ல பத்து பதினஞ்சு பேரு சேந்து ஒரு பழைய மேய்ச்சல் நெலத்த பூப்புல்வெளியா மாத்தறோம், ஒரு ஏக்கரா தான் இருக்கும், அங்க கூட்டிட்டு போனேன். வயல் பூரா மஞ்சளா நிக்குது, நான் பெருமையா "இது நாங்க வெதைச்சதுப்பா, இது புல்லு வேர உறிஞ்சி புல்ல கொறைச்சிரும்"னேன். அவரு ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு என்கிட்ட கத்தி கேட்டாரு, ஒரு செடிய சுத்தி மண்ணோட கிண்டி எடுத்து, கார்ல இருந்த வாட்டர் பாட்டில்ல இருந்து ஒரு மக்குல தண்ணி ஊத்தி வேர மெதுவா அலசுனாரு. புல்லு வேரும் இதோட வேரும் பின்னிக்கிட்டு, நடுவுல வெள்ளை வெள்ளையா முண்டு. கண்ணாடிய கழட்டி கிட்ட வெச்சு பாத்துட்டு, "இது சுடுமல்லி சாதியாச்சேடா, இதையவா காசு குடுத்து வாங்கி வெதைச்சீங்க, கிறுக்கு புடிச்சிருச்சா உங்களுக்கு"ன்னாரு. அறுத்த புல்ல எல்லாம் வயல விட்டு வெளிய எடுத்துட்டு போறோம், மண்ணு சத்து கொறையணும்னு தான்னு சொன்னதும் அவருக்கு இன்னும் மோசமாயிருச்சு. வாழ்நாள் பூரா காட்டுக்கு எரு கொண்டு போய் கொட்டுன மனுசன்.

ஆனா காரணம் இருக்குங்க. 1930கள்ல இருந்து பாத்தா இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் இருந்த பூப்புல்வெளில 97 சதவீதம் போயிருச்சு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல உழுது தானியம் போட்டாங்க, அப்புறம் உரம் வந்துச்சு, உரம் போட்டா ரைகிராஸ்னு ஒரு புல்லு மட்டும் காடா வளந்து மத்ததெல்லாம் நெழல்ல செத்துரும், காய வெச்சு ஜூலைல எடுத்த வைக்கோலுக்கு பதிலா மே மாசமே பச்சையா அறுத்து, காத்து போகாம மூடி புளிக்க வெக்கற ஊறுகாய்ப் புல் போட ஆரம்பிச்சாங்க. பூத்து வெதை போடறதுக்குள்ள அறுத்தா, இது மாதிரி வருசா வருசம் வெதைல இருந்து மொளைக்கற செடி எப்படி பொழைக்கும்? நம்மூர்ல மூலனூர், தாராபுரம், காங்கேயம் பக்கம் கொறங்காடுங்கற மேய்ச்சல் காட்ட பாத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும், கிளுவை வேலி, நடுவுல வெள்வேல மரம், கீழ கொழுக்கட்டைப் புல்லு, அதுக்குள்ள எத்தனையோ சின்ன செடிங்க, காங்கேயம் மாடு மேய்ஞ்சு வளந்த எடம். யாரும் வெள்ளாமைக் காடா மாத்தாம வெச்சிருந்ததால இருந்தது, பிளாட் போட்டா போயிரும். அது மாதிரி தான் இங்கயும். யார்க்ஷயர்ல ஸ்வேல்டேல் பள்ளத்தாக்குல மியூக்கர்னு ஒரு ஊரு, அங்க மிச்சமிருக்கற வைக்கோல் வயல் வழியா ஜூன்ல நடந்தோம், கல்லு பாதை விட்டு கால் எடுத்து வெக்காதீங்கன்னு போர்டு வெச்சிருக்காங்க, அவ்வளவு பூ.

ஒரு நியாயம் சொல்லணும், அப்பா திட்டுனது ஒண்ணும் தப்பில்ல. இங்கயே பழைய விவசாயிங்களுக்கு இது களை தான், வைக்கோல் கொறைஞ்சுரும்னு கண்டாலே ஆகாது. இப்ப வைக்கோல் வேணும்ங்கறவங்க கம்மி, பூ வேணும்ங்கறவங்க அதிகம்.

நாங்களும் ஒண்ணும் நோகாம வளத்துறல. மொத வருசம் மலிவா கெடைக்குதேன்னு போன வருசத்து வெதைய ஆன்லைன்ல வாங்கி போட்டோம், ஒரு செடி கூட வரல, சொன்னேன்ல ஒரு வருசம் தான் தாங்கும். அடுத்த வருசம் அப்பத்தான் சேகரிச்ச வெதை வாங்குனோம், ஆனா புல்லு மேலயே தூவி விட்டுட்டோம், மண்ண தொடவே இல்ல, கையில எண்ணற அளவுக்கு தான் வந்துச்சு. மூணாவது வருசம் தான் புத்தி வந்து, ஆகஸ்ட்ல புல்ல ஒட்ட வெட்டி, ரேக் வெச்சு மண்ணு தெரியற வரைக்கும் பிராண்டி, சதுர மீட்டருக்கு ஒரு கிராம் கூட போகாத அளவுக்கு தூவி, ஆளாளுக்கு வயல்ல குறுக்கயும் நெடுக்கயும் நடந்து மிதிச்சு விட்டோம், மாடு இருந்தா அது செய்யற வேலை. ஏப்ரல்ல பாத்தா ரம்பப் பல்லு எலை எல்லா பக்கமும். ரெண்டு வருசத்துல இடுப்பளவு நின்ன புல்லு முழங்காலுக்கு எறங்கிருச்சு, நாங்க வெதைக்காத பூ கூட வந்துச்சு, வண்டுத்தேனீ ஒண்ணு அந்த மூக்குக்குள்ள தலைய விட்டு பின்னாடி காலை ஆட்டிக்கிட்டு இருக்கறத என் பொண்ணு வீடியோ எடுத்து வெச்சிருக்கா. அப்புறம் ஒரு வருசம் வயல் ஓரத்த வெட்ட வந்த கான்ட்ராக்ட் ஆளுங்க ஜூன் நடுவுல முக்கால்வாசி வயலையும் சேத்து வெட்டிட்டாங்க, வெதை விழுகல, அடுத்த வருசம் வெட்டுன எடத்துல மஞ்சளே இல்ல. ஒரே ஒரு வெட்டு, மூணு வருச வேலை போச்சு. நீங்க "ஒருமுறை விதைத்தால் போதும், தானே பரவும்"னு எழுதுனது படிச்சப்ப எனக்கு சிரிப்பு தான் வந்துச்சு.

சரி, நான் இத்தன எழுதுனதுக்கு காரணமான வரிக்கு வரேன். கட்டுரை கடைசில "ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் பகுதிகளில் புல்தரை வைத்திருப்போர் இணையத்தில் விதை வாங்கி முயன்று பார்க்கலாம்"னு போட்டிருக்கீங்க. தயவு செஞ்சு அத திருத்துங்க. நம்ம மலைல மொளைக்கலன்னா காசு தான் நஷ்டம், மொளைச்சுட்டா அத விட நஷ்டம். நீலகிரி சோலைப் புல்வெளி இங்க இருக்கற மாதிரி உரம் போட்டு கெட்டுப் போன மேய்ச்சல் நெலம் இல்ல, அந்த புல்லு தான் அங்க சொத்து, அத அடக்கறதுக்கு எதுக்கு வெளியூர் செடி? ஏற்கனவே வெள்ளைக்காரன் அழகுக்கும் வெறகுக்கும் தோலுக்கும்னு கொண்டு வந்த முள்ளு கார்ஸ், ஸ்காட்ச் புரூம், வாட்டில் எல்லாம் புல்வெளிய தின்னுட்டு நிக்குது. பாதி ஒட்டுண்ணி பூ தான் பாக்கணும்னா அங்கயே இருக்குங்க, பெடிகுலாரிஸ் ஜெய்லானிகான்னு ரோஸ் கலர்ல ஒண்ணு, ஸ்ரீலங்கா மலைலயும் இருக்கு, சோபூபியான்னு மஞ்சள்ல இன்னொண்ணு. ரெண்டும் இதே குடும்பம், எத்தனையோ காலமா அந்த புல்லோடவே சேந்து இருக்கு, அத பத்தி எழுதுங்க, போட்டோ போடுங்க.

ஒட்டுண்ணி எடம் மாறுனா என்ன ஆகும்னு அமெரிக்காக்காரன கேட்டா தெரியும். 1956ல வட கரோலினாலயும் தென் கரோலினாலயும் மக்காச்சோள காட்டுல சுடுமல்லி வந்திருக்கறத கண்டுபுடிச்சாங்க. அப்புறம் பல பத்து வருசம், அந்த வட்டாரத்துல இருந்து மண்ணு ஒட்டுன எந்த மெஷினும் வெளிய போகக் கூடாதுன்னு கட்டுப்பாடு, மண்ணுக்குள்ள எத்திலீன் கேஸ் ஏத்தி வெதைய ஏமாத்தி மொளைக்க வெச்சு சாகடிச்சாங்க, பருத்தி பண்ற வேலைய கேஸ் வெச்சு பண்ணுனாங்க. லட்சக்கணக்கான ஏக்கரா. மஞ்சப் பூ அவ்வளவு பொல்லாதது இல்லன்னு நானே மேல சொன்னேன், இருந்தாலும் நெல்லும் ராகியும் தினையும் சாமையும் புல்லு குடும்பம் தாங்க, எதுல ஒட்டும் எதுல ஒட்டாதுன்னு நம்ம மண்ணுல யாரு சோதிச்சு பாக்கறது, ஊட்டில பங்களா வெச்சிருக்கறவரா? சட்டமும் இருக்கு, இந்தியாவுல 2003ல போட்ட தாவர நோய்த்தடுப்பு உத்தரவு படி வெளிநாட்டு வெதை வேணும்னா இறக்குமதி பெர்மிட்டும் அந்த நாட்டு தாவர சுகாதார சான்றிதழும் வேணும், அது இல்லாம கவர்ல போட்டு தபால்ல அனுப்பறது எல்லாம் குத்தம். உங்க கட்டுரைல அது ஒரு வார்த்தை இல்ல.

இன்னொரு சின்ன வருத்தம், தலைப்புல "புல்லுருவிப் பூ"ன்னு போட்டு உள்ள துரோகி, திருடன்னு எல்லாம் வசனம். படிக்க சூடா தான் இருக்கு. ஆனா நம்ம சாமிக்கு சாத்தற சந்தனம், அந்த மரமும் பாதி ஒட்டுண்ணி தான், பக்கத்து மரத்து வேர்ல ஒட்டி தான் வளரும், நர்சரில சந்தன நாத்து வாங்குனா அதே பைல தொவரை செடி ஒண்ணு சேத்து நிக்கும், பாத்திருப்பீங்க. அத யாரும் துரோகின்னு சொல்றதில்ல, கிலோ என்ன வெலைன்னு தான் கேக்கறோம்.

அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு திருத்தம் போட்டா புண்ணியமா போகும். மச்சினன் உங்க கட்டுரைய நம்பி, இது சணப்பையோட சீமை ரகம்னு நெனச்சுக்கிட்டு, கால் கிலோ ஆர்டர் போட்டுட்டான், தென்னந்தோப்புல பசுந்தாள் உரமா போடறதுக்காம். கேன்சல் பண்ண சொன்னா பாக்கெட் கெளம்பிருச்சுங்கறான். வந்தா பிரிக்காம அப்படியே வை, தோட்டத்துப் பக்கம் கொண்டு போயிராதன்னு சொல்லிருக்கேன், "பேப்பர்ல போட்டிருக்கானே மச்சான்"னு இன்னமும் அதையே சொல்லிட்டு இருக்கான்.

இப்படிக்கு,
பல்லடத்துக்காரன் ஒருத்தன்,
லெஸ்டர், இங்கிலாந்து